பருவந்தோறும் அறம்: பழைய சென்னை மாநகரின் ஓராண்டு வாழ்வு

சிவமயம்

திருஞானசம்பந்தப் பெருமான் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே திருமயிலைக்கு எழுந்தருளிய காலத்து, சிவநேசர் என்னும் வணிகர், அரவு தீண்டி இறந்த தம் மகள் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் அடங்கிய குடத்தைக் கொணர்ந்து கபாலீச்சரத்துத் திருமதிற்புறத்தே வைத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அக்குடத்தை நோக்கிப் பிள்ளையார் அருளிய பதிகத்தில் அவ்வூரின் விழாக்களே வரிசையாக வருகின்றன. அடியார்க்கு அமுதளித்தல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், பொற்றாப்பு, பெருஞ்சாந்தி எனப் பாட்டிற்கு ஒன்றாக எண்ணி, இவற்றைக் காணாமலே ஒருத்தி போய்விடலாகுமோ என்று வினவுவதே அப்பதிகத்தின் போக்கு.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மாண்டவளை மீண்டும் வாழ அழைப்பவர், வாழ்வென்பது யாது என்று காட்டவேண்டியவராகிறார். பிள்ளையார் காட்டியதோ செல்வமன்று, மாளிகையன்று, மாதந்தோறும் ஊரார் ஒன்றுகூடிச் செய்த விழாக்களே. அவற்றுள்ளும் முதற்பாட்டில் வைக்கப்பெற்றது அடியார்க்குச் சோறிடும் விழா என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நெய்தற் கரை ஊரே, பிற்காலத்திற் பெருநகரம் ஒன்றின் உறுப்பாயிற்று. அந்நகரத்து மக்கள் சில தலைமுறைகளுக்கு முன் ஓராண்டை எவ்வாறு கழித்தனர், ஒவ்வொரு பருவத்தின் துன்பத்தையும் எவ்வாறு பகிர்ந்து தீர்த்தனர் என்பதை ஆராய்வது, திருக்குடமுழுக்கு நாளிலே பயனுடைய சிந்தனையாகும்.

ஊர்கள் கூடிய மாநகரம்

1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியார் கடற்கரையில் ஒரு மணற்றிட்டைப் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியதை நகரத்தின் பிறப்பாகக் கொள்வர். ஆயின் அதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே திருமயிலையும் திருவொற்றியூரும் திருவான்மியூரும் திருவலிதாயமும் பாடல்பெற்ற பதிகளாய் விளங்கின. திருவல்லிக்கேணி ஆழ்வார்களாற் போற்றப்பெற்றது. கோட்டை வளர வளர இவ்வூர்கள் ஒவ்வொன்றாய் நகரத்தோடு இணைந்தன. இணைந்தும் தத்தம் கோயிலையும் குளத்தையும் மாடவீதிகளையும் விடாது வைத்துக்கொண்டன. ஆதலின் சென்னை என்பது ஒரே நகரமாகத் தோன்றினும், அதனுள் வாழ்ந்தவர் ஊரார் போலவே வாழ்ந்தனர்.

1901ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் நகரத்து மக்கள் ஏறத்தாழ 5 லட்சம்; 1951இல் ஏறத்தாழ 14 லட்சம். இவ்வைம்பது ஆண்டுக் காலமே ஈண்டுப் பெரிதும் கருதப்படுவது. அக்காலத்து மாடவீதி வீடுகள் திண்ணையோடு கூடியவை. விடியுமுன் வாயிலிற் சாணநீர் தெளிக்கப்படும். அரிசிமாக் கோலம் இடப்படும். பால்காரர் பசுவையே வாயிலுக்கு ஓட்டி வந்து, வீட்டார் கண்முன் கறந்து கொடுப்பார். குதிரைவண்டிகளும் கையால் இழுக்கும் ரிக்ஷாக்களும் தெருவிற் செல்லும். 1895 முதல் 1953 வரை டிராம் வண்டிகள் மணியடித்து ஓடின. 1877–78 பஞ்சத்தின்போது, பசித்தோர்க்கு வேலை தரும்பொருட்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பெற்ற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியில், விறகும் பிற பண்டங்களும் ஏற்றிய படகுகள் மயிலைக்கு அருகே வந்து நின்றன. பண்டிகைக் காலத்துக் காயும் கனியும் கரும்பும் கொத்தவால்சாவடியிலிருந்து வந்தன.

மாலையிற் கோயில் மண்டபத்திலே புராண விரிவுரை நிகழும். கடை கட்டிய வணிகரும், அலுவலகம் விட்ட எழுத்தரும், பேரனைக் கைப்பிடித்த மூதாட்டியரும் ஒரே தரையில் அமர்ந்து கேட்பர். எழுத்தறியாதவரும் அறுபத்துமூவர் வரலாற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொல்ல வல்லவராய் இருந்தமைக்கு இவ்விரிவுரைகளே காரணம். ஆறுமுக நாவலர் தங்கசாலைத் தெருவில் நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த நூல்கள் இக்கேள்விச் செல்வத்திற்கு ஏட்டுத்துணையாய் அமைந்தன.

கோடையும் தண்ணீரும்

சித்திரை பிறந்தவுடன் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் கலந்த பச்சடியை உண்டு, கோயிலிற் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது வழக்கம். கசப்பும் இனிப்பும் ஒருங்கே வரும் ஆண்டை ஏற்றுக்கொள்ளும் குறிப்பு அது. அடுத்து வருவது அக்கினி நட்சத்திரம். கடற்கரை நகரமாதலின், பிற்பகலிற் கடற்காற்று எழும் வரை வெம்மை தாங்கவொண்ணாதது.

அந்நகரத்தின் பழைய குறை தண்ணீரே. 1772இல் கோட்டையின் தேவைக்கெனத் தோண்டப்பெற்ற கிணறுகள் ஏழுகிணறு என்னும் பகுதிக்குப் பெயர் தந்தன. 1872இல் செங்குன்றம் ஏரிநீர் நகரத்திற்குக் கொணரப்பட்டது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் அதனை வடிகட்டும் ஏற்பாடு அமைந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. இவையெல்லாம் அரசினர் செய்தவை. ஆயினும் வழிநடப்பவனுக்கும் வண்டி இழுப்பவனுக்கும் நடுப்பகலில் ஒரு குவளை நீர் தந்தது தண்ணீர்ப் பந்தரே.

திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என வழங்கும் வட்டவடிவக் கட்டடம் ஒன்றுண்டு. 1842 அளவில், அமெரிக்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கு எழுந்தது அது. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்து வந்த குளிர்ச்சி, விலை கொடுக்க வல்ல சிலருக்கே உரியதாயிற்று. பின்னாளில் அவ்வாணிகம் நின்றது. 1897இல் விவேகானந்த சுவாமிகள் அங்கே தங்கினமையால் அக்கட்டடம் புனிதமுற்றது. அதே காலத்துத் தெருமுனைகளில் நின்ற தண்ணீர்ப் பந்தரிலோ, தென்னங்கீற்று வேய்ந்த நிழலில், மணல் பரப்பிய தரையில், ஈரத்துணி சுற்றிய மண்பானைகள் இருந்தன. விலாமிச்சை வேர் இட்ட நீரும், நீர்மோரும், வெல்லமும் சுக்கும் ஏலமும் கூட்டிய பானகமும் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தன. விலை இல்லை. அப்பூதி யடிகள் தம் தண்ணீர்ப் பந்தருக்கும் பிள்ளைகளுக்கும் திருநாவுக்கரசர் என்னும் பெயரையே இட்டு மகிழ்ந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த மக்களாதலின், கோடையில் நீர்வார்ப்பதைச் சிவபுண்ணியமாகவே கருதினர்.

கோயிலும் அக்கோடையை உணர்ந்தது. இறைவனுக்கு வெட்டிவேரும் சந்தனமும் சாத்தப்பெற்றன. இலிங்கத்தின்மேல் தாராபாத்திரம் கட்டப்பெற்றுத் துளித்துளியாய் நீர் வீழ்ந்தது. வைகாசி வசந்த விழாவில் மாலைக்காற்று வாங்கப் பெருமான் வெளியே எழுந்தருள, மக்களும் உடன் அமர்ந்தனர். தாம் அனுபவித்த வெம்மையை இறைவன்பால் ஏற்றி உணர்ந்தவர், அதே வெம்மையிற் பிறர் வாடுவதைக் கண்டும் வாளா இருத்தல் அரிதன்றோ!

ஆடிக் கூழும் புரட்டாசிக் குடையும்

ஆடி மாதம் உழவர்க்கு விதைக்கும் மாதம். உழைப்பாளர்க்குக் கைவறண்ட மாதம். பழைய தானியம் தீர்ந்து புதியது வாராத இடைவெளி அது. அம்மாதத்தில் மயிலை முண்டகக்கண்ணியம்மன் கோயில் முதலாக நகரத்துத் தெருக்கள் பலவற்றிலும் உள்ள அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் வார்க்கப்பெற்றது. தெருவார் வீடுவீடாக மாவு தண்டினர், பெருங்கொப்பரைகளிற் காய்ச்சினர், பாத்திரத்தோடு வந்தவர்க்கெல்லாம் வார்த்தனர். குலமும் தொழிலும் வினவப்படவில்லை. குடும்பத்தோடு வண்டி கட்டிப் பெரியபாளையத்தம்மனைக் காணச் செல்வதும் ஆடியிலேயே நிகழ்ந்தது.

கூழ் வார்த்தல் வெறுஞ்சடங்கன்று என்பதற்கு நகரத்தின் வரலாறே சான்று பகரும். 1782இல், ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டிப் பஞ்சம் மூண்டபோது, பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்க எழுந்த சாவடியே மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. அதனைச் சார்ந்து மருத்துவச்சாலை தோன்றிப் பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. பெரிய பெயரும் பெரிய கட்டடமும் வந்த பின்னரும், வடசென்னை மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் வழங்கினர். ஒரு நகரம் தான் பசித்த நாளையும், தனக்குக் கஞ்சி வார்த்த கையையும் மறவாதிருந்தமைக்கு இப்பெயர் வழக்கு ஒன்றே போதும். அந்நகரத்து ஏழுகிணற்றுப் பகுதியில் இளமையைக் கழித்துக் கந்தகோட்டத்து முருகனைப் பாடிய இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரிற் சத்திய தருமசாலை நிறுவிப் பசிப்பிணி தீர்க்க அடுப்பு மூட்டியதும் இங்கு ஒருங்கே எண்ணத்தக்கது.

ஆவணியில் விநாயக சதுர்த்தி வரும். மாடவீதிகளிற் களிமண்ணைக் குவித்து, அச்சிற் பதித்துப் பிள்ளையார் செய்து விற்பர். வண்ணக் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் உடன் கிடைக்கும். பூசை முடிந்தபின் அவ்வுருவம் வீட்டுக் கிணற்றிலோ குளத்திலோ விடப்பெறும். நீர்நிலையின் மண் மீண்டும் நீர்நிலையையே சேர்ந்தது. மிகுதியாக நின்று கேடு செய்தது யாதுமில்லை.

புரட்டாசியில் நவராத்திரி. மயிலை வடக்கு மாடவீதியிற் பொம்மைக் கடைகள் நிறையும். கொலுவைக் காண்பதற்கென்று பெண்கள் ஒருவர் இல்லத்திற்கு ஒருவர் செல்வர். சுண்டலும் தாம்பூலமும் பெறுவர். ஆண்டு முழுவதும் அடுக்களையில் அடைந்து கிடந்தவர்க்குத் தெருவின் கதவுகள் எல்லாம் திறந்த காலம் அது. அதே மாதத்தில், சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருமலைப் பிரமோற்சவத்திற்குத் திருக்குடைகள் புறப்படும். அவை மாலையில் யானைக்கவுனியைக் கடக்கும்போது தெருவெங்கும் மக்கள் வெள்ளமாகும். சைவர் இல்லங்களிலும் அன்று வாயிலில் நின்று கைகூப்பி வழியனுப்பும் வழக்கம் இருந்தது. சமயக் கணக்கர் மண்டபத்தில் எத்துணை வாதிடினும், தெருவின் பண்பு இதுவாகவே இருந்தது.

மழையும் விளக்கும்

சென்னைக்கு ஆண்டுமழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வீசும் வடகீழ்ப் பருவக்காற்றினால் வருவது. இரண்டு மாதத்து நீரைப் பிடித்து ஆண்டு முழுவதும் உண்ணவேண்டிய ஊர் அது. இவ்வுண்மையை முன்னோர் நூலாற் கற்பிக்கவில்லை, குளத்தாற் கற்பித்தனர். கோயில்தோறும் குளம், குளத்திற்கு நீர்வரத்துக் கால், குளம் நிறைந்தாற் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளும் நிறையும். குளத்துப் படிகளில் எத்தனை மூழ்கின என்று எண்ணியே அவ்வாண்டின் கோடை எளிதாகுமோ கொடிதாகுமோ என்று முதியோர் உரைத்தனர். மயிலைத் தெப்பக்குளத்தின் நிலம் ஆர்க்காட்டு நவாபின் கொடை என்பதும், அதன் அடையாளமாக முகரம் நாளில் முசுலிம் மக்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமை பெற்றனர் என்பதும் நகரத்தில் வழிவழியாகக் கூறப்பெறும் செய்திகள். நீர் எல்லார்க்கும் பொது என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை.

ஐப்பசி முழுமதி நாளில் அன்னாபிடேகம். வெந்த சோற்றாற் சிவலிங்கத் திருமேனியை மூடி வழிபட்டு, பின்னர் அச்சோற்றை மக்களுக்கு வழங்குவர். ஒரு பகுதியை நீர்வாழ் உயிர்களுக்கு இடுவர். மழையால் வேலையற்றுக் கூலியாளர் முடங்கியிருக்கும் நாளிற் சோற்றையே இறைவனுக்கு அணியாக்கி, அதனைப் பகிர்ந்து உண்ணச் செய்த கருத்து வியக்கத்தக்கது.

கார்த்திகையில் வானம் இருண்டு, பகல் சுருங்கும். மின்விளக்கு எல்லாத் தெருவையும் எட்டாத காலத்தில், தீபத்திருநாளன்று மாடம்தோறும் அகல் ஏற்றினர். கோயில் வாயிலிற் பனையோலையாற் கட்டிய சொக்கப்பனை கொளுத்தப்பெறும். பொரியுருண்டையும் அப்பமும் சிறுவர் கையில் இருக்கும். நகரத்தின் வடபால் உள்ள திருவொற்றியூரிலே பிறந்த கலிய நாயனார் வரலாறு அன்று எல்லா மண்டபங்களிலும் பேசப்படும். எண்ணெய் வாணிகராகிய அவர் திருக்கோயிலில் இரவும் பகலும் விளக்கெரித்தார். பொருள் தீர்ந்தபின் கூலிவேலை செய்து எரித்தார். அதுவும் இயலாதபோது, தம் குருதியையே எண்ணெயாக வார்க்க முற்பட்டார். தெருவில் எண்ணெய் விற்பவரும், செக்கில் உழைப்பவரும், நாட்கூலி பெறுவோரும் இவ்வரலாற்றைத் தம் குலத்து வரலாறாகவே கேட்டனர். கோயில் விளக்கிற்கு ஓரணாத் தந்த கூலிக்காரர், தம்மை நன்கொடையாளர் என்று எண்ணியதில்லை. ஆயினும் அந்த ஓரணாக்களாலேயே பல சந்நிதிகளின் விளக்கு அணையாது நின்றது.

பனியும் பாட்டும்

மார்கழிப் பனியில் இரவு நான்கு மணிக்கே நகரம் விழித்துக்கொள்ளும். வாயிற் கோலத்தின் நடுவே சாணத்திற் பூசணிப்பூ செருகப்பெறும். சங்கும் சேகண்டியும் ஒலிக்க, திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் ஓதிக்கொண்டு சிறுவரும் பெரியோரும் வீதிவலம் வருவர். மயிலை மாடவீதிகளில் பாபநாசம் சிவன் அவர்கள் (1890–1973) மார்கழித்தோறும் முன்னின்று நடத்திய பசனை புகழ்பெற்றது. சங்கீத மேடையில் நுழைவுச்சீட்டுப் பெற்றுக் கேட்க வேண்டிய இசை, அவ்விடியலில் வாயிலுக்கே வந்தது. வலம் முடிந்து கோயிலை அடைந்தவர்க்குச் சுடச்சுடப் பொங்கல் கிடைக்கும். பள்ளி செல்லும் ஏழைச் சிறுவர்க்கு அப்பொங்கலே காலை உணவாய் அமைந்த இல்லங்கள் பல.

1927ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையிற் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி இசை மாநாடு ஒன்று நிகழ்ந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. மார்கழியில் நகரம் இசை விழாக் கொண்டாடும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. பசனையின் மாதம் இசையரங்கின் மாதமுமாக விரிந்தது.

போகியன்று பழையன கழித்து, தைமுதல் நாளிற் கதிரவனுக்குப் பொங்கலிட்டனர். மறுநாள் பால்காரரின் பசுக்களும் வண்டிமாடுகளும் கொம்பில் வண்ணம் பெற்றன. காணும் பொங்கலன்று நகரமே கடற்கரையில் திரண்டது. பின்னர்த் தைப்பூசத்தை ஒட்டி மயிலையிற் தெப்பவிழா மூன்று நாள் நிகழும். முதல் நாள் கபாலீசரும், அடுத்த நாள்களிற் சிங்காரவேலரும் விளக்கணி பூண்ட தெப்பத்தில் வலம் வருவர். ஐப்பசி கார்த்திகையிற் பெய்த மழை குளத்தில் நின்றதா என்று ஊரார் அனைவரும் ஒருங்கே காணும் நாள் அது. நீர் இல்லையேல் தெப்பம் இல்லை. குளத்தையும் கால்களையும் பேணாத ஊர் தன் குறையை இறைவன் திருமுன்னர் மறைக்கவியலாது. தெப்பவிழாவை வகுத்தோர் நீர்ப்பாதுகாப்பை வழிபாட்டோடு பிணைத்து வைத்தனர் என்றே கொள்ளல் தகும்.

கடலும் அறுபத்துமூவரும்

மாசிமகத்திற் பல கோயில் மூர்த்திகளும் கடற்கரைக்கு எழுந்தருளுவர். ஆண்டு முழுவதும் கடலில் உழைக்கும் மீனவ மக்களின் குப்பங்களுக்கு அருகே இறைவன் தீர்த்தமாட வரும் நாள் அது. சம்பந்தர் பாடிய மாசிக் கடலாட்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் அக்கரையிலேயே நடைபெறுவது எண்ணி மகிழத்தக்கது.

பங்குனிப் பெருவிழா மயிலையின் முடிமணி. எட்டாம் நாள் பூம்பாவை உயிர்பெற்றெழுந்த ஐதிகம் நிகழும். அன்று பிற்பகல் அறுபத்துமூவர் உலா. நாயன்மார் திருவுருவங்கள் சிவிகைகளில் வரிசையாக எழுந்தருள, கபாலீசர் அவர்களை நோக்கியபடி பின்வருவார். கோலவிழியம்மன் முதலிய ஊர்த்தெய்வங்களும் உடன் எழுந்தருளும். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் மக்கள் நடந்தும் வண்டியிலும் வந்து நிறைவர். அவர்களுள் எவரும் பசியோடு திரும்பியதில்லை. மாடவீதிகளில் அடிக்கு ஒரு பந்தர். பந்தர்தோறும் மோர், பானகம், புளியோதரை, தயிர்ச்சோறு. வணிகர் சங்கத்தாரும் தெருவாரும் தொழிலாளர் கூட்டத்தாரும் தத்தமக்கு இயன்றதை அளித்தனர். சம்பந்தரின் முதற்பாட்டில் உள்ள அமுதளிக்கும் விழா இதுவே எனல் மிகையாகாது.

ஒன்றை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. நாயன்மாருள் திருநாளைப்போவாரும் ஒருவராய்ச் சிவிகையில் எழுந்தருளிய அதே வீதியில், அவர் மரபினர் பலர் கோயில் வாயிலைக் கடக்கவியலாது நின்ற காலம் இருந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலயப்பிரவேசச் சட்டத்தால் அத்தடை நீங்கியது. அதுவரை அவர்களுக்கு இறைவனைக் கண்ணாரக் காண வாய்த்தவை பெரும்பாலும் தெருவின் விழாக்களே. அடியார் பெருமையை ஓதிய ஊர், அப்பெருமையை முழுதும் கைக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது என்பதை உணர்தல், இனி அத்தகைய பிழை நேராமைக்குத் துணைசெய்யும்.

மாறியனவும் நின்றனவும்

டிராம் வண்டிகள் 1953இல் நின்றன. கையால் இழுக்கும் ரிக்ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. மனிதனை மனிதன் இழுத்த இழிவு நீங்கியது நன்றே. 1996இற் கொத்தவால்சாவடிச் சந்தை கோயம்பேட்டிற்குச் சென்றது. திண்ணைகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. மாற்றம் அனைத்தையும் கேடென்று புலம்புதல் அறிவுடைமையாகாது.

ஆயின் நீரின் வரலாறு வேறு. கிணறுகள் தூர்ந்தன, ஆழ்துளைக் குழாய்கள் பெருகின, குளத்திற்கு நீர் வரும் கால்கள் கட்டடங்களின் கீழ் மறைந்தன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கோயிற்குளங்கள் பல வறண்டு கிடந்தன; மயிலைக் குளமும் அத்துன்பத்திற்குத் தப்பவில்லை. மழைநீர்ச் சேமிப்பு 2003இல் தமிழகத்திற் கட்டாயமாக்கப்பட்ட பின் குளங்களிலும் கிணறுகளிலும் நீர் மீளக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும் பாடம் முழுதும் கற்கப்படவில்லை. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 சூனில், புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றனர். பெய்த நீரை நிறுத்தி வைக்க இடமின்றி வெள்ளத்தில் அழிவதும், நிறுத்தாத நீருக்காகக் கோடையில் அழுவதும் ஒரே குற்றத்தின் இரு பயன்களாம்.

நின்றனவும் உண்டு. அறுபத்துமூவர் விழாவில் அன்னம் வழங்கும் பந்தர்கள் குறையவில்லை. ஆடிக்கூழ் வார்க்கப்பெறுகிறது. மார்கழி விடியலிற் பாவைப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஓரணா ஈந்த கூலிக்காரரின் பேரர் தம்மால் இயன்றதை உண்டியலில் இடுகின்றனர். வேர் பட்டுப்போகவில்லை, நீர் வார்ப்பார் வேண்டும் என்பதே குறை.

பெருஞ்சாந்தியின் நிறைவு

பூம்பாவைப் பதிகத்தின் பத்தாம் பாட்டில் வரும் விழா பெருஞ்சாந்தி. அதனைக் குடமுழுக்கு என்பாரும், பவித்திரத் திருவிழா என்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், ஆண்டின் விழாக்களையெல்லாம் எண்ணிய பின்னரே பிள்ளையார் பெருஞ்சாந்தியைக் கூறினார் என்பது கருதற்பாலது. தொடக்கத்தில் சோறு, இடையிற் பருவத்திற்கேற்ற விழாக்கள், முடிவிற் பெருஞ்சாந்தி. சோறும் நீரும் விளக்கும் இடையறாது நிகழும் ஊரிலேயே குடமுழுக்குத் தன் பயனை முழுதும் தரும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும் குறிப்பாகும்.

குடமுழுக்கு நாளில் விமானம் புதுப்பொலிவு பெறுகின்றது. கலசங்கள் பொன்னொளி வீசுகின்றன. யாகசாலையில் மந்திரநீர் குடங்களில் நிறைக்கப்பெறுகின்றது. அக்குடங்களில் நிறைவது நீரே என்பதை அன்பர் மறத்தலாகாது. பன்னிரண்டு ஆண்டிற்கு ஒருமுறை கலசத்தின்மேல் வார்க்கும் அப்புனித நீர், இடைப்பட்ட ஆண்டுகளிற் கோயிற்குளத்தில் நிற்கவேண்டும். கோடையிற் பந்தரில் தாகந் தீர்க்கவேண்டும். கல்லிற் பெயர் பொறிக்கும் திருப்பணி போற்றத்தக்கதே. குளத்து நீர்க்காலைத் தூர்வாருதற்கும், ஒரு கோடைக்குத் தண்ணீர்ப் பந்தர் வைத்தற்கும், ஆடியிற் கூழுக்கும், மார்கழிச் சிறுவர் பொங்கலுக்கும், கார்த்திகை எண்ணெய்க்கும் ஏற்படுத்தும் கட்டளை, பெயர் பொறிக்கப்படாது போயினும், ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகப் பலன் தரும்.

மயிலையிலே தோன்றிய வாயிலார் நாயனார், புறத்தே கோயில் எழுப்பாது மனத்தையே கோயிலாக்கி வழிபட்டவர். பொருளுடையார் பொருளாலும், உடலுழைப்புடையார் உழைப்பாலும், ஒன்றுமில்லார் நினைவாலும் தொண்டு செய்யலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. சாம்பற்குடத்தினின்று ஒரு பெண்ணை எழுப்பியது பிள்ளையார் திருவாக்கு. வறண்ட குளத்தையும் மறந்த அறத்தையும் எழுப்புவது, அத்திருவாக்கை ஓதும் அன்பர்தம் கடன். அக்கடனை உணர்ந்து ஆற்றும் அடியார்க்கும், திருப்பணிச் செல்வர்க்கும், ஊரார் அனைவர்க்கும் எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பருவந்தோறும் பெருகுவதாக.

திருச்சிற்றம்பலம்